பிடென்சியோவின் வயல் வரை

லாஸ் ஏஞ்சலிஸ்
மார்ச் 3, 1952

அன்புள்ள கசிமிரோ,

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடிதத்தைப் பாதியில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவாய். என் நாவலைப் படமாக எடுக்கிறார்கள். நம் ரெமான்சோவிலேயே எடுக்கிறார்கள்.

ஸ்டூடியோக்காரர்கள் அரிசோனா பாலைவனத்தில் பலகையும் அட்டையும் வைத்து ஓர் ஊரைக் கட்டுவதாக இருந்தார்கள். டைரக்டர் ஸ்டான்டிஷிடம் நம் ஊர்ப் படங்களைக் காட்டினேன். தேவாலயத்தையும் மண்வீடுகளையும் புரட்டிக்கொண்டே வந்தவர், வாய்க்கால் படம் வந்ததும் நிறுத்தினார். இப்படி ஒன்றைக் கட்டினால் கட்டியது போலத்தான் இருக்கும் என்றார். அதோடு முடிவாகிவிட்டது.

நீ 'பலகை இறங்கிய நாள்' படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பத்து வருடமாக அலமாரியில் இருப்பதாக நிக்கோலாசா எழுதினாள். உன் மனைவி பொய் சொல்லமாட்டாள். அதனால் கதையைச் சொல்கிறேன். நம் பழைய ஊர் எல் ஆல்தோவில் நம் தாத்தா வாய்க்கால் மணியமாக இருந்தது, மேல் பண்ணைக்காரன் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை எடுத்துக்கொண்டது, ஊர் வீடு வீடாகக் காலியானது, கடைசியில் தாத்தா மதகுப் பலகையைத் தன் கையாலேயே இறக்கிவிட்டு நடந்து போனது. அவ்வளவுதான் கதை. புத்தகம் முழுக்க ஒரே ஒரு துப்பாக்கி வெடிக்கிறது, அதுவும் கால் ஒடிந்த கோவேறு கழுதையைச் சுட. ஸ்டான்டிஷ் இதை அப்படியே எடுக்கப் போவதாகச் சொல்கிறார். என் சம்மதமில்லாமல் முடிவை மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கியிருக்கிறேன்.

அவர்களுக்கு வேண்டியது, மே மாதம் மூன்று வாரம் வாய்க்கால் வறண்டு கிடக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் தினக்கூலி. மூன்று வருட வறட்சிக்குப் பிறகு இது வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது? எழுது.

உன் அக்கா,
எலோய்சா


ரெமான்சோ
மார்ச் 16, 1952

அன்புள்ள அக்கா,

கடிதத்தை முழுவதும் படித்தேன். மாடு காத்திருந்தது.

வழக்கு விஷயம் முதலில். நமக்கு மேலே இருக்கும் பிராடக் பண்ணையின் வக்கீல் சொல்வது, நான்கு வருடம் பாயாத வாய்க்கால் செத்த வாய்க்கால், அதன் தண்ணீர் மேலே இருப்பவனுக்குச் சேரும் என்பது. நம் வக்கீல் சேனா சொல்வது, மூன்று வருடம் ஆற்றிலேயே தண்ணீர் இல்லை, அதை ஜட்ஜ் மன்னிப்பார் என்பது. இது நான்காவது வருடம். மலையில் பனி நன்றாக விழுந்திருக்கிறது, ஆறு வரும். ஜூன் 11ஆம் தேதி கோர்ட் ஓர் இன்ஜினியரை அனுப்புகிறது. அன்று வாய்க்காலில் தண்ணீர் ஓடி, வயலில் பயிர் நின்றால் நாம் பிழைத்தோம். இல்லையென்றால் எல் ஆல்தோதான்.

உன் சினிமா பற்றி ஊர்க்கூட்டம் போட்டோம். அதற்கு முந்தின நாள்தான் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர் வாரி முடித்திருந்தோம். வாரிய வாய்க்காலைக் காயப்போடுவதா என்று சிலருக்கு மனம் ஒப்பவில்லை. பிடென்சியோ மாமா எழுந்தார். உனக்குத் தெரியும், அவர் வயல்தான் வாய்க்காலின் கடைசி, தண்ணீர் அவருக்கு வந்து சேர்வதற்குள் பாதியை மண்ணே குடித்துவிடும். "எனக்கு என்னிக்குடா மே மாசத்துல தண்ணி வந்துது? காய்ஞ்சு கிடக்கறதுக்குக் கூலி தர்றான்னா நான்தான் முதல் ஆளு" என்றார். கூட்டம் சிரித்தது. அங்கேயே பாதி முடிவாகிவிட்டது.

ஆனால் வாய்க்காலைச் சும்மா தூக்கிக் கொடுக்க முடியாது. இங்கே எதையும் முறையாகத்தான் கொடுப்போம். வாய்க்கால் பங்காளிக்கு எப்படியோ அப்படியே சினிமாவுக்கும் ஒரு முறை என்று தீர்மானம். மே முதல் தேதி அவர்கள் முறை ஆரம்பம், அன்று பலகையை இறக்கித் தண்ணீரை நிறுத்துவோம். முறைக்காரர் தாமே மதகடிக்கு வந்து போதும் என்று சொல்லும்வரை வேறு யாரும் பலகையில் கை வைக்கக்கூடாது. அவர்களுக்கு அடுத்த முறை பிடென்சியோ மாமாவுக்கு. இந்த ஒரு தடவையாவது கடைசி வயலுக்கு முதலில் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தோம்.

வாய்க்கால் மணியம் இப்போது நான் என்பதால், இடம் பார்க்க வந்த உன் ஸ்டான்டிஷிடம் இதையெல்லாம் நான்தான் சொன்னேன். அழகான வழக்கம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுக் கை கொடுத்தார். கை மெத்தென்று இருந்தது. மே இருபதுக்குள் முடித்துவிடுவார்களாம். அதற்குப் பிறகு பீன்ஸ் போட நேரம் இருக்கிறது.

நிக்கோலாசா உனக்குக் காய்ந்த மிளகாய்ச் சரம் அனுப்புகிறாள். அங்கே கிடைக்கிற மிளகாய் வெறும் நிறம் என்கிறாள்.

கசிமிரோ


லாஸ் ஏஞ்சலிஸ்
மே 8, 1952

அன்புள்ள கசிமிரோ,

இங்கே விஷயம் கொஞ்சம் சிக்கலாகியிருக்கிறது.

தயாரிப்பாளர் லோரிமர் இதுவரை எடுத்ததைப் போட்டுப் பார்த்தார். நேற்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார். "எல்லாம் நல்லாருக்கும்மா. ஆனா யாரு வந்து காப்பாத்தறா?" என்றார். யாரும் வரவில்லை என்றேன். "யாருமே வரலன்னா அவன் எதுக்கும்மா டிக்கெட் வாங்கணும்?"

அவரிடம் இப்போது வேறு திரைக்கதை ஒன்று இருக்கிறது. வடக்கிலிருந்து தனியாக ஒருவன் செங்குதிரையில் வருகிறான். யார், ஏன் வந்தான் என்று கிடையாது. தாத்தா இப்போது குடிகாரக் கிழவன். தாத்தா வாழ்நாளில் குடியைத் தொட்டதே இல்லை என்றேன். சிரிப்புக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நாவலில் தன் முறைக்காக மதகடியில் உட்கார்ந்தே கிடக்கிற விதவை ஹசிந்தா, அவள் பாஸ்டனிலிருந்து வந்த, பொன்னிறக் கூந்தல்கொண்ட பள்ளி ஆசிரியை ஆகிவிட்டாள். என் புத்தகத்தில் பண்ணைக்காரன் ஒரு பக்கத்தில்கூட வருவதில்லை. அவனை ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை, அவனிடமிருந்து காகிதம்தான் வரும். படத்தில் அவனுக்குக் கறுப்புத் தொப்பியும் வெள்ளிப் பூண் போட்ட சாட்டையும் உண்டு. தேவாலயத்துக்கு முன்னால் சுடப்பட்டு விழுகிறான். பிறகு செங்குதிரைக்காரன் மதகை வெடி வைத்துத் தகர்க்கிறான், தண்ணீர் பாய்கிறது, அவன் போய்விடுகிறான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. ஸ்டான்டிஷும் என் பக்கம் நிற்கிறார். நாங்கள் இருவரும் ஒப்புக்கொள்ளாமல் கடைசிக் காட்சியை எடுக்க முடியாது. லோரிமர் இறங்கி வருவார். ஒரு வாரம் கூடுதலாக ஆகலாம். பொறுத்துக்கொள்.

எலோய்சா


ரெமான்சோ
மே 19, 1952

அக்கா,

புனித இசிதோர் திருநாள் போன வாரம் முடிந்தது. வழக்கம்போல் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையிலேயே நடந்தோம். முதல் தண்ணீரில் அவர் பாதத்தை நனைக்க வேண்டுமே. நிக்கோலாசா கிணற்றிலிருந்து ஒரு செம்பு கொண்டுவந்து ஊற்றினாள். சாமியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். கையில் கூலி இருக்கிறது. மதியம் கூடாரத்தில் மாட்டிறைச்சி போடுகிறார்கள். நாங்கள் வாரி வைத்த வாய்க்காலில் லாரி லாரியாக முள்செடியைக் கொட்டினார்கள். மாட்டு மண்டையோடுகள் தனிப் பெட்டியில் வந்தன. ஆற்றோரம் என் குதிரைமசால் தீவனப் பயிர் கொஞ்சம் பச்சையாக இருந்தது, அதன்மேல் பழுப்புச் சாயம் தெளித்தார்கள். நான் பார்த்ததிலேயே இதுதான் மிகச் சரியான பஞ்சம். உண்மையான பஞ்சத்தில் அங்கங்கே கொஞ்சம் பச்சை விட்டுப் போயிருக்கும்.

பெண்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுப் போகிற காட்சியை எடுத்தார்கள். வெயில் சரியில்லை, தூசி சரியில்லை என்று திரும்பத் திரும்ப நடக்கவிட்டார்கள். முதலில் எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். அப்புறம் நிக்கோலாசா நிஜமாகவே அழ ஆரம்பித்து நிறுத்தவில்லை. ஸ்டான்டிஷ் கேமராவை அவள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னார். வீட்டுக்கு வந்தபின் ஏன் அழுதாய் என்று கேட்டேன். "நடந்துகிட்டே இருந்தேனா, எங்க போறோம்னு திடீர்னு தோணிச்சு" என்றாள்.

பிராடக்கின் ஆள் ஒருவன் தினமும் எதிர்க்கரையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறான். படப்பிடிப்பு பார்க்கிறானாம்.

அக்கா, ஆறு நிறைந்து போகிறது. மதகுக்கு இந்தப் பக்கம் மண் வெடித்துக் கிடக்கிறது. உன் படம் எப்படி முடிந்தாலும் எனக்கு ஒன்றுதான், முடிந்தால் சரி. செங்குதிரைக்காரன் வரட்டும், கருங்குதிரைக்காரன்கூட வரட்டும். கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிடு.

கசிமிரோ


லாஸ் ஏஞ்சலிஸ்
மே 27, 1952

அன்புள்ள கசிமிரோ,

எப்படி முடிந்தாலும் ஒன்றுதான் என்று நீ எழுதிவிட்டாய், எனக்கு அப்படி இல்லை.

இருபது வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தேன். தண்ணீர் வழக்குகளை நூற்றுக்கணக்கில் கேட்டு எழுதியிருக்கிறேன். எதிலும் யாரும் யாரையும் சுடவில்லை. ஒரு குமாஸ்தா வந்து படித்துக் காட்டுவான், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஆட்கள் கேட்பார்கள், புரியாத இடத்திலும் தலையாட்டுவார்கள். யாரும் வரவில்லை என்பதுதான் அந்தக் கதை. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு குதிரை.

இந்தப் படத்தை நாடு முழுக்கப் பார்க்கப் போகிறார்கள். எல் ஆல்தோ என்று ஓர் ஊர் இருந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேறு வழி கிடையாது. தண்ணீர் திரும்பி வந்துவிட்டது என்று காட்டினால், அவர்கள் கைதட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நாம்தான் அந்தத் துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்.

நேற்றுக்கூட லோரிமர் அறையில் வாக்குவாதம். கதாநாயக நடிகர் தன் வசனத்தைக் குறைத்தால் போதும், எந்த முடிவானாலும் சரி என்கிறார். ஸ்டான்டிஷ் உறுதியாக இருக்கிறார். அவரை நேரில் பேச இங்கே வரச்சொல்லியிருக்கிறார்கள். பேசி முடித்ததும் திரும்பி வந்து கடைசிக் காட்சியை எடுத்துவிடுவார், தாத்தா பலகையை இறக்குகிற காட்சியை. அன்று மாலையே உன் மதகு உனக்கு.

கோபிக்காதே. இன்னும் சில நாள்தான்.

எலோய்சா


ரெமான்சோ
ஜூன் 4, 1952

அக்கா,

உன் ஸ்டான்டிஷ் போய்விட்டார். கேமராக்களைக் கூடாரத்தில் போட்டுப் பூட்டிவிட்டு, காவலுக்கு ஓர் உதவியாளரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஆளை மதகடிக்குக் கூட்டிப்போய், போதும் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னோம். "நான் எப்படிங்க சொல்றது? காட்சி இன்னும் பாக்கி இருக்கே. டைரக்டர் என் வேலைய வாங்கிருவாரு" என்றான். நல்லவன்தான், கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான்.

பிடென்சியோ மாமா மண்வெட்டியோடு வந்தார். ஊரில் பாதிப் பேர் அவர் பின்னால். நான் மதகில் ஏறி நின்றேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"நகருடா. அடுத்த முறை என்னோடது."

"அவங்க முறை இன்னும் முடியல மாமா."

"சினிமாக்காரன் என்ன நம்ம பங்காளியா?"

"முறை கொடுத்துட்டோமே. நீங்களும்தான் கை தூக்கினீங்க."

"உங்க தாத்தாவும் இப்படித்தாண்டா, ஞாயம் பேசிப் பேசியே ஊரக் காலி பண்ணினாரு."

நான் நகரவில்லை அக்கா. சேனா கோர்ட்டில் என்ன சொல்லப் போகிறார்? இந்த வாய்க்காலில் வெட்டிய நாளிலிருந்து அடுத்தவன் முறையில் ஒருவனும் பலகையைத் தூக்கியதில்லை, இது அப்படி உயிரோடு இருக்கிற வாய்க்கால் என்று. நம்மிடம் பட்டா கிடையாது, வழக்கம் மட்டும்தான் இருக்கிறது. அதை நானே உடைப்பதற்கு, எதிர்க்கரையில் பிராடக்கின் ஆள் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறான்.

மாமா மண்வெட்டியை மதகின் மேலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

11ஆம் தேதி இன்ஜினியர் வருகிறார். ஸ்டான்டிஷை இங்கே அனுப்பு. வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லட்டும். உன் முடிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கசிமிரோ


லாஸ் ஏஞ்சலிஸ்
ஜூன் 8, 1952

கசிமிரோ,

உன் கடிதம் நேற்றே வந்திருக்கிறது, இன்று காலைதான் பார்த்தேன். உடனே லோரிமர் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, அவர் தோட்டத்தில் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பேனாவை அவர்தான் கொடுத்தார்.

ஸ்டான்டிஷிடமும் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். சரி, போதும் என்று சொல்லிவிடுங்கள் என்றார். அவர் என்னிடம் சொன்னதை, மதகடிக்கே வந்து சொன்னதாக நீ வைத்துக்கொள். தந்தியும் கொடுத்திருக்கிறேன். பலகையைத் தூக்கு.

எலோய்சா


ரெமான்சோ
ஜூன் 20, 1952

அக்கா,

உன் தந்தியும் கடிதமும் 12ஆம் தேதி ஒரே தபால் பையில் வந்தன. தந்தி ரயிலடியில் கிடந்திருக்கிறது. மறுநாள் தபால் லாரி எப்படியும் போகப் போகிறதே என்று அங்கேயே வைத்திருந்தார்களாம்.

இன்ஜினியர் சொன்ன தேதிக்கே வந்தார். பெயர் டில்மன். வயதானவர், முழங்கால் வலி, ஆனாலும் மதகிலிருந்து கடைசி வயல் வரைக்கும் நடந்தே வந்தார். முள்செடியையும் மண்டையோட்டையும் படம் எடுத்தார். இது எங்கள் மாட்டு மண்டை இல்லை, லாரியில் வந்தது என்று சொன்னேன். சிரித்தார். "நம்பறேன்பா. ஆனா தண்ணி இருக்கான்னுதான் என்னப் பாக்கச் சொல்லியிருக்காங்க" என்றார். என் குதிரைமசாலில் ஓர் இலையைக் கிள்ளித் தேய்த்துப் பார்த்தார். விரலில் சாயம் ஒட்டியது. அதையும் குறித்துக்கொண்டதாகச் சொன்னார். நியாயமான மனிதர்தான்.

கூட வந்த பிராடக்கின் வக்கீல் என்னிடம் அதிகம் கேட்கவில்லை.

"ஆத்துல தண்ணி இருக்கா?"

"இருக்கு."

"பலகைய இறக்கினது யாரு?"

"நான்தான்."

"யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல. ஊரே கூடி, நாங்களாதான் முறை கொடுத்தோம்."

நன்றி என்று சொல்லிவிட்டு என் கையைக் குலுக்கினார்.

மறுநாள் உன் தந்தி வந்தது. மதகடிக்கு ஓடினேன். அங்கே ஷெரீப்பின் ஆள் நின்றான். தீர்ப்பு வரும்வரை மதகு இப்போது இருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கிவிட்டார்கள்.

14ஆம் தேதி ஒரு லாரி வந்து கேமராக்களையும் மண்டையோட்டுப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனது. கடைசிக் காட்சியைக் கலிபோர்னியாவிலேயே தொட்டி கட்டி எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம்.

சேனாவைப் பார்க்க சாந்தா ஃபே போனேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "பலகையத் தூக்கியிருக்கலாமே கசிமிரோ. முறை மீறினதுக்கு நான் ஆயிரம் காரணம் சொல்லியிருப்பேன். காய்ஞ்ச வாய்க்காலுக்கு என்ன சொல்றது?" என்றார்.

நான் பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

கசிமிரோ


லாஸ் ஏஞ்சலிஸ்
நவம்பர் 22, 1952

அன்புள்ள கசிமிரோ,

என் மூன்று கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. நிக்கோலாசா மட்டும் ஒரு வரி எழுதினாள். நம் தண்ணீரைப் பிராடக்குக்குக் கொடுத்த தீர்ப்பைச் சேனா அனுப்பிய நகலில் படித்தேன். "தாமாகவே முன்வந்து" என்ற சொற்கள் நான்கு இடத்தில் வருகின்றன.

படம் வெளியாகிவிட்டது. 'செங்குதிரைக்காரன்' என்று பெயர். முதல் காட்சிக்கு எனக்கும் அழைப்பு வந்தது, நடுவரிசையில் நல்ல இடம். நம் ஊர் அழகாக இருக்கிறது, கசிமிரோ, அது இனி எப்போதும் அப்படியே இருக்கும். மதகு வெடித்துத் தண்ணீர் பாய்ந்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. வெளியே வரும்போது முத்துமாலை போட்ட அம்மாள் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை, அந்த ஏழைங்களுக்குத் தண்ணி கிடைச்சுதே. அதுவரைக்கும் எனக்கு மனசே ஆறல, போங்க" என்றாள். கிடைக்கவில்லை அம்மா என்று சொல்ல வாய் திறந்தேன். அவளுடைய கார் வந்துவிட்டது.

இன்னொரு விஷயம். பதிப்பாளர் என் நாவலைப் புதிதாக அச்சிடுகிறார், அட்டையில் நடிகரும் குதிரையும். படம் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் ஏமாறக்கூடாதாம், அதனால் கடைசி அத்தியாயத்தைப் படத்துக்கு ஏற்ற மாதிரி எழுதித் தரச் சொல்கிறார். நான் மறுத்தால் வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. எதற்காக அந்த முடிவைப் பிடித்துக்கொண்டு நின்றேனோ, அது இப்போது புத்தகத்திலும் இருக்கப் போவதில்லை.

நானே எழுதட்டுமா, விட்டுவிடட்டுமா? எனக்குத் தெரியவில்லை. நீ சொல்கிறபடி செய்கிறேன். திட்டியாவது ஒரு கடிதம் போடு.

எலோய்சா


ரெமான்சோ
மார்ச் 9, 1953

அன்புள்ள அக்கா,

திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. குளிர்காலம் முழுக்க எழுத உட்காருவேன், எழுதாமலேயே எழுந்துவிடுவேன்.

உன் புத்தகத்தைப் படித்துவிட்டேன். வேறு வேலையும் இல்லை. தாத்தா பலகையை இறக்கிவிட்டு நடக்கிற இடத்தை இரண்டு தடவை படித்தேன். அவருக்காவது இறக்குவதற்கு ஒரு பலகை இருந்தது. நான் போகும்போது செய்வதற்கு எதுவும் இல்லை. என் பலகை போன மே முதல் தேதியே இறங்கிவிட்டது. நம் வழக்கப்படி பார்த்தால் முறை இன்னும் சினிமாக்காரர்களுடையதுதான். யாரும் வந்து போதும் என்று சொல்லவில்லை.

போன மாதம் டவுன் தியேட்டரில் உன் படம் வந்தது. நடித்த ஊர் என்று எங்களுக்கெல்லாம் இலவசம். இரண்டு லாரியில் போனோம், மிச்சம் இருப்பவர்களுக்கு இரண்டு லாரி போதும். தேவாலயம் வந்தபோது எல்லோரும் அவரவர் வீட்டைத் தேடினார்கள். என் கழுதை மூன்று இடத்தில் வருகிறது. நிக்கோலாசா ஊரைவிட்டுப் போகிறபோது அழுதாளே, அந்த அழுகையைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். அந்தக் குதிரைக்காரன் போய்விடுகிறானே, அதற்காக அழுகிறாளாம். நிக்கோலாசா இருட்டில் என் காதருகே வந்து, "அந்த ஆள நான் பாத்ததே இல்லையே" என்றாள்.

பிறகு தண்ணீர் வந்தது. பழைய ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள், முதல் தண்ணீருக்குக் கழற்றுவது வழக்கமாயிற்றே. அது தொட்டித் தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும். மதகைத் தாண்டி, என் வயல் மாதிரி கட்டியிருந்ததைத் தாண்டி, பாலத்தடிக்கு வந்தது. அங்கே 'முற்றும்' என்று எழுத்துப் போட்டு விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

திரும்ப லாரியில் ஏறினோம். பாதி தூரம் வந்ததும் பிடென்சியோ மாமா சொன்னார்: "பாத்தியாடா, சினிமாவுலகூட என் வயலுக்கு வர்றதுக்குள்ள முடிச்சுட்டானுங்க." லாரி முழுக்கச் சிரித்தது. என்னால் நிறுத்தவே முடியவில்லை, டிரைவர் வண்டியை ஓரம் கட்டினான். ஜூன் மாதத்துக்குப் பிறகு மாமா என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் நேற்றுக் கொலராடோவுக்குப் போய்விட்டார், மகனோடு பீட்ரூட் வயலில் வேலைக்கு. இந்த மாதம் தூர் வாரும் நாளில் யாரும் வரவில்லை. நாங்கள் ஈஸ்டர் கழித்துப் புவெப்லோ போகிறோம், அங்கே உருக்காலையில் காவல் வேலை இருக்கிறதாம். இனி இந்த முகவரிக்கு எழுதாதே. போய்ச் சேர்ந்ததும் நிக்கோலாசா எழுதுவாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நேற்று மாமா லாரியில் ஏறியபிறகு அவரிடம் கேட்டேன், அக்கா கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதட்டுமா என்று. மூட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"எழுதட்டும். எழுதறதுன்னா என் வயல் வரைக்கும் கொண்டாரச் சொல்லு. பாதில விட்டுறப் போறா."

வண்டி கிளம்பிவிட்டது. நான் சரி என்று கை காட்டினேன்.

உன் தம்பி,
கசிமிரோ